புதுப்பிப்பு: புது மடிக்கணினியில் மென்பொருள் நிறுவ முடியாத சிக்கல்

மகளின் கல்லூரிப் படிப்புக்காக வாங்கிய மடிக்கணினியில், இணையத்திலிருந்து பதிவிறக்கிய எந்த மென்பொருளையும் நிறுவ முடியவில்லை என்று சென்ற வாரம் எழுதியிருந்தேன். காரணம் தெரிந்துவிட்டது. கணினியில் பழுது எதுவும் இல்லை. விண்டோஸ் 11 ஹோம் ‘எஸ் மோட்’ நிலையில் வந்திருக்கிறது. 2017இல் ‘விண்டோஸ் 10 எஸ்’ என்ற தனிப் பதிப்பாக அறிமுகமாகிப் பின்னர் இவ்வாறு மாற்றப்பட்ட இந்நிலையில், மைக்ரோசாஃப்ட் ஸ்டோரிலுள்ள செயலிகளை மட்டுமே நிறுவ முடியும். பாதுகாப்புக்காகச் செய்த ஏற்பாடு என்பதால் அதைக் குறை சொல்ல மாட்டேன்.

எஸ் மோடிலிருந்து விலக, செட்டிங்ஸில் சிஸ்டம், அதனுள் ஆக்டிவேஷன் என்று போனால் ஸ்டோர் பக்கம் ஒன்றைத் திறக்கும் இணைப்பு இருக்கிறது. மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து அங்குள்ள ‘கெட்’ பொத்தானை அழுத்தினேன், வேலை முடிந்தது. அடுத்த நிமிடமே, நான்கு நாட்களாக அடம்பிடித்த அச்சுப்பொறியின் மென்பொருள் நிறுவப்பட்டு, முதல் தாள் வெளியே வந்தது. கட்டணம் கிடையாது. ஆனால் விலகிய பிறகு பழைய நிலைக்குத் திரும்ப முடியாது என்பதை யோசித்துக்கொண்டு செய்யுங்கள்.

என் கோபமெல்லாம் விற்ற கடைமீதுதான். வாங்கும்போது ஒரு வார்த்தை சொல்லாதவர்கள், இலவசமாகச் செய்யக்கூடிய இதே மாற்றத்துக்கு 1,500 ரூபாய் கேட்டார்கள். பொருளின் தன்மையை அறியும் உரிமையை 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நமக்குத் தந்திருக்கிறது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் இன்று காலை புகார் பதிந்திருக்கிறேன்.