அப்பா போனதுக்கு அப்புறம் லேப்ல மனசு ஒட்டவே மாட்டேங்குது, வெளிநாட்டுல பிஎச்டி 3ஆம் வருஷம், என்ன பண்றது?

மூணாவது_வருஷம்:

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா இங்க படிச்சிட்டு மட்டும்தான் இருந்தேன், முதல் தடவையா எழுதறேன், நீளமா போனா மன்னிச்சிருங்க.

செல் பயாலஜில பிஎச்டி பண்றேன், 3ஆம் வருஷம் முடியப்போகுது. 7 மாசம் முன்னாடி அப்பா திடீர்னு தவறிட்டார். அப்ப விசா புதுப்பிக்க பாஸ்போர்ட்டை குடுத்திருந்தேன், அது கைக்கு வர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிருச்சு, ஃபோன்ல வீடியோவுலதான் அப்பாவ கடைசியா பாத்தேன். அன்னைக்கு சாயங்காலமே லேப்புக்குப் போய் நான் வளக்கற செல்லுக்கு மீடியா (அதுங்க வாழற சத்துத் திரவம்) மாத்தினேன், மாத்தலைன்னா செத்துருமேன்னு. பைப்பெட் பிடிச்ச கை கொஞ்சம்கூட நடுங்கல. அத நினைச்சாதான் இப்பவும் என்னமோ பண்ணுது.

அடுத்த 2 மாசத்துல எங்க மைனஸ் 80 டிகிரி ஃப்ரீசர் ஒரு சனிக்கிழமை நின்னு போச்சு, அலாரம் யாருக்கும் வரல. ஒரு வருஷத்துக்கு மேல சேத்து வச்ச சாம்பிள். திங்கக்கிழமை காலையில திறந்தா பெட்டிக்கு அடியில தண்ணி தேங்கி நிக்குது, ட்யூப் மேல நான் எழுதின தேதியெல்லாம் கரைஞ்சு நீலமா ஓடியிருக்கு. கைடு நல்ல மனுஷன், திட்டல, திரும்பப் பண்ணலாம்னு சொன்னார். ஆனா அப்பா விஷயம் அவருக்குத் தெரியாது. யார்கிட்டயுமே சொல்லல, சொன்னா பலவீனமானவன்னு நினைச்சிருவாங்களோன்னு பயம். இப்ப 5 மாசமா லேப் நோட்புக்ல உருப்படியா ஒரு பக்கம் எழுதல, தினமும் போறேன், உக்காந்திருக்கேன், வர்றேன்.

அம்மா வேற தனியா இருக்காங்க. லீவ் கேட்டா ஃபண்டிங் போயிருமா? விசா என்ன ஆகும்? சிவில (பயோடேட்டாவுல) ஒரு வருஷம் ஓட்டையா தெரிஞ்சா பின்னாடி போஸ்ட்டாக் (பிஎச்டிக்கு அப்புறம் செய்யற ஆராய்ச்சி வேலை) கிடைக்குமா? இல்ல இதோட விட்டுட்டுப் போயிடறதுதான் நல்லதா?

பைப்பெட்_அக்கா:

தம்பி, முதல்ல அப்பாவுக்காக என் வருத்தம். கை நடுங்கலைன்னு எழுதியிருக்கீங்க பாருங்க, அதுக்காக உங்கள நீங்களே குத்திக்காதீங்க, அதிர்ச்சியில உடம்பு அப்படித்தான் பழகின வேலைய செஞ்சிட்டுப் போகும், துக்கம் அப்புறமாத்தான் வந்து உக்காரும்.

என் கதைய சொல்றேன். பிஎச்டி 2ஆம் வருஷத்துல எனக்கு ஒரு ஆபரேஷன். யார்கிட்டயும் சொல்லாம 5 மாசம் வலியோட ஓட்டினேன். வருஷக் கடைசியில கமிட்டி ரிப்போர்ட்ல ‘முன்னேற்றம் போதாது’ன்னு எழுதிட்டாங்க. அதுக்கப்புறம் டாக்டர் லெட்டரோட போய் அந்த மாசங்கள லீவா மாத்துங்கன்னு கேட்டேன், பின்தேதி போட்டுத் தர முடியாதுன்னுட்டாங்க. சொல்லியிருந்தா லீவ்னு பதிவாகியிருக்க வேண்டிய மாசங்கள், சொல்லாததால வேலை செய்யாத மாசங்களா பதிவாகிருச்சு. நீங்க பயப்படற ஓட்டை லீவால வராது, மறைக்கிறதாலதான் வரும். அதனால இந்த வாரமே கைடுக்கு மெயில் போடுங்க. நாலு வரி போதும், அப்பா தவறினது எந்த மாசம், அதுலருந்து வேலை எப்படி இருக்கு, லீவ் பத்திப் பேச நேரம் வேணும், அவ்ளோதான். மன்னிப்பெல்லாம் கேக்காதீங்க.

அப்புறம் சாம்பிள். எல்லாம் போச்சுன்னு எப்படி முடிவு பண்ணீங்க? டிஷ்யூவா உறைய வச்சிருந்தா அதுல ஆர்என்ஏ போயிருக்கும், அது நிஜம், உருகின உடனே ஆர்என்ஏவ உடைக்கிற ஆர்என்ஏஸ்ங்கற என்சைம் தின்னுரும். ஆனா டிஎன்ஏ அவ்ளோ சீக்கிரம் கெடாது, எடுத்துப் பாக்கலாம். டிரைஸால்ல (ஆர்என்ஏவ பிரிச்செடுக்கப் பயன்படுத்தற கரைசல்) கரைச்சு வச்சது ஏதாவது இருந்தா கண்டிப்பா தூக்கிப் போட்டுராதீங்க, அதுல ஆர்என்ஏஸ் செயலிழந்து இருக்கும், ரெண்டு நாள் உருகினாலும் ஆர்என்ஏ தப்பிச்சிருக்க வாய்ப்பு இருக்கு. நாலஞ்சு ட்யூப்ல மட்டும் பிரிச்செடுத்து பயோஅனலைசர் மெஷின்ல போட்டு ஆர்ஐஎன் நம்பர் (ஆர்என்ஏ எவ்ளோ முழுசா இருக்குன்னு 1லருந்து 10 வரை காட்டற மதிப்பெண்) பாருங்க, 7க்கு மேல வந்தா தைரியமா மேல போகலாம்.

விசா_அனுபவம்:

எந்த நாடுன்னு சொல்லல, அதனால பொதுவா ஒண்ணு சொல்றேன், லீவ் ஃபார்ம்ல கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி இன்டர்நேஷனல் ஆஃபீஸ்ல போய்ப் பேசிருங்க. கைடுக்கும் டிபார்ட்மென்ட்டுக்கும் விசா ரூல்ஸ் முழுசா தெரிஞ்சிருக்காது.

அமெரிக்காவுல எஃப்-1 மாணவர் விசாவுல இருந்தா ரெண்டு வழி. டாக்டரோ சைக்காலஜிஸ்ட்டோ லெட்டர் குடுத்தா அங்கயே இருந்துக்கிட்டு கோர்ஸ் சுமைய குறைச்சுக்கலாம், தேவைப்பட்டா முழுசா நிறுத்திக்கவும் முடியும், ஆனா ஒரு டிகிரிக்கு மொத்தம் 12 மாசம்தான். இல்ல ஊருக்கே போய் அம்மாகூட இருக்கணும்னா ஆஃபீஸ்ல அனுமதி வாங்கி செவிஸ் (வெளிநாட்டு மாணவர்களுக்கான அரசாங்க ஆன்லைன் பதிவேடு) பதிவ முடிச்சிட்டுப் போகணும், முடிச்ச தேதியிலருந்து 15 நாள்ல கிளம்பணும், வெளிய 5 மாசத்தத் தாண்டிட்டா புது ஐ-20 (விசாவுக்காக பல்கலைக்கழகம் குடுக்கற படிவம்) தேவைப்படும். சொல்லாம கொள்ளாம கிளம்பினாதான் ஸ்டேட்டஸ் கெடும்.

சிவி பத்தி ரொம்ப கவலப்படாதீங்க. ஐரோப்பாவுல போஸ்ட்டாக் பண்றதுக்கான மேரி கியூரி ஃபெலோஷிப்புக்கு பிஎச்டி முடிச்சு 8 வருஷத்துக்குள்ள இருக்கணும், ஆனா ஆராய்ச்சியில இல்லாத காலத்த அதுலருந்து கழிச்சுக்குவாங்க. இடைவெளிங்கறது அவங்களே ஃபார்ம்ல கட்டம் போட்டுக் கேக்கற விஷயம்.

நட்சத்திர_வாசகன்:

நான் இயற்பியல் பக்கம். எனக்கு ஞாபகம் வந்தது நட்சத்திரங்கள ஆராய்ச்சி பண்ணின இயற்பியலாளர் எஸ். சந்திரசேகர். 1930ல கப்பல்ல கேம்பிரிட்ஜ் கிளம்பும்போதே அவர் அம்மா உடம்பு முடியாம இருந்தாங்க, மறு வருஷம் தவறிட்டாங்க, அவர் அங்க, வயசு 20. அப்புறம் 1935 ஜனவரி 11, ராயல் அஸ்ட்ரானமிக்கல் சொசைட்டி கூட்டத்துல ஒரு அளவுக்கு மேல எடை இருக்கிற நட்சத்திரம் கடைசியில வெள்ளைக் குள்ளனா (சுருங்கின சின்ன நட்சத்திரமா) அடங்க முடியாதுன்னு அவர் பேப்பர் வாசிச்ச உடனே, அப்ப பெரிய வானியலாளரா இருந்த எடிங்டன் எழுந்து எல்லார் முன்னாடியும் அந்த முடிவே அபத்தம்னு பேசினார். விடாமுயற்சிக்கு உதாரணமா இத நிறைய பேர் சொல்வாங்க, எனக்கு அதுல பிடிச்சது வேற. அவர் அதையே பிடிச்சுட்டு வருஷக்கணக்கா சண்டை போடல. சிகாகோ போனார், 1939ல எல்லாத்தையும் ஒரு புத்தகமா எழுதி முடிச்சார், அந்த விஷயத்த அப்படியே வச்சிட்டு வேற கேள்விக்கு நகர்ந்துட்டார். நோபல் வந்தது 1983ல.

அதனால உங்க தீசிஸ் கேள்விய இருக்கிற டேட்டாவுக்கு ஏத்த மாதிரி மாத்த முடியுமான்னு கைடுகிட்ட கேளுங்க. போன சாம்பிள அப்படியே திரும்பச் சேத்துத்தான் ஆகணும்னு ஒண்ணும் இல்ல.

பாதியில_இறங்கினவன்:

மேல சொன்னவர் மேல மரியாதை உண்டு, ஆனா ஒண்ணு சொல்லணும். நான் கீழ கிடந்த சமயத்துல யாராவது நோபல் கதை சொன்னா எனக்கு இன்னும் பாரமாத்தான் இருந்துச்சு, அவங்களால முடிஞ்சது நம்மால முடியலயேன்னு தோணும்.

நான் 4ஆம் வருஷம் மாஸ்டர்ஸ் வாங்கிட்டு வெளிய வந்தவன். இப்ப டேட்டா அனாலிசிஸ் வேலை, நல்லா இருக்கேன், வந்ததுக்கு வருத்தமே இல்ல. வருத்தம் வேற ஒண்ணுல, தூக்கம் இல்லாம சாப்பாடு இறங்காம இருந்த அதே மாசத்துல முடிவு எடுத்தேன், ஒரே ராத்திரியில மெயில் அனுப்பினேன். லீவ் எடுத்துட்டு யோசிச்சிருந்தாலும் ஒருவேளை வெளியதான் வந்திருப்பேன், ஆனா இத்தன வருஷம் ராத்திரி படுக்கும்போது அந்தக் கேள்வி வந்திருக்காது. பல்கலைக்கழகத்துல கவுன்சிலிங் இருக்கும், போங்க. நானும் வெக்கப்பட்டுட்டுதான் போகாம இருந்தேன். விடறதா இருந்தா அப்புறம் நிதானமா விடுங்க, இப்ப வேண்டாம்.

மூணாவது_வருஷம்:

எல்லாருக்கும் நன்றி, ஒவ்வொண்ணையும் ரெண்டு மூணு தடவை படிச்சேன். அக்கா, நீங்க சொன்ன மாதிரியே நாலு வரி எழுதினேன், அனுப்பற பட்டன அமுக்கத்தான் ஒரு மணி நேரம் ஆச்சு. 20 நிமிஷத்துல கைடு பதில் போட்டார், இத்தன நாள் தனியாவா சுமந்தீங்கன்னு கேட்டுட்டு நாளைக்கு 4 மணிக்கு வரச் சொல்லியிருக்கார். படிச்சிட்டு லேப்லயே அழுதுட்டேன், 7 மாசத்துல இப்பத்தான்.

இன்டர்நேஷனல் ஆஃபீஸ்ல புதன்கிழமை நேரம் கிடைச்சிருக்கு. பயாலஜி பக்கம் ஒரு விஷயம், ஃப்ரீசர் சாமான எல்லாம் இன்னும் தூக்கிப் போடல, அடியில ஒரு பெட்டியில டிரைஸால்ல 22 ட்யூப் இருக்கு. மார்க்கர் எழுத்து அழிஞ்சிருச்சு, ஆனா மூடி மேல பென்சில்ல நம்பர் போட்டிருக்கேன், படிக்க முடியுது. வியாழக்கிழமை 4 ட்யூப் எடுத்துப் பாக்கறேன் அக்கா, ஆர்ஐஎன் என்ன வருதுன்னு இங்கயே வந்து போடறேன்.