டைனகோ ஸ்டீரியோ 70: பயாஸ் சரியா காட்டுது, ஆனா ஒரு வால்வு மட்டும் சிவக்குது

கேள்வி

வணக்கம். என்னோட ஸ்டீரியோ 70 வால்வு ஆம்ப்பில் பழைய இஎல்34 பவர் வால்வு நாலையும் கழட்டிட்டு, மேட்ச் பண்ண புது செட் போட்டிருக்கேன். ரெண்டு சேனலிலும் பயாஸை (பாட்டு ஓடாதப்போ வால்வில் ஓடும் கரண்டை) மீட்டரில் 1.56 வோல்ட் காட்டுற மாதிரி வெச்சாச்சு. பத்து நிமிஷத்தில் வலது சேனலின் ஓரத்து வால்வில் பிளேட் (உள்ளே இருக்கிற உலோகத் தகடு) சிவக்க ஆரம்பிக்குது. அதே சேனலின் இன்னொரு வால்வு நல்லா இருக்கு. அந்தப் பக்க ஸ்பீக்கரில் ஹம் (ம்ம்னு ஒரு இரைச்சல்) வருது; பழைய வால்வு இருந்தப்பவே லேசா இருந்தது. சிவக்கும்போதும் மீட்டர் 1.56-ஐ ஒட்டித்தான் நிக்குது. வால்வு பழுதா? பேசாம கேடி88-னு இன்னொரு வகை வால்வு போட்டுடலாமா?

பதில் 1

சிவப்பு தெரிஞ்ச உடனே ஆஃப் பண்ணுங்க, பார்த்துக்கிட்டு நிக்காதீங்க.

அந்த 1.56 ரெண்டு வால்வுக்கும் சேர்த்து வர்ற கணக்கு. ரெண்டு வால்வோட கேத்தோடும் (கரண்ட் கிரவுண்டுக்குப் போற முனை) ஒரே 15.6 ஓம் ரெசிஸ்டர் வழியாத்தான் கிரவுண்டுக்குப் போகுது. 1.56 வோல்ட்னா மொத்தம் 100 மில்லி ஆம்பியர். 50-50 ஆ இருந்தாலும் 75-25 ஆ இருந்தாலும் மீட்டருக்கு ஒண்ணுதான். 415 வோல்ட்டில் 75 மில்லி ஆம்பியர் ஓடினா 31 வாட். இஎல்34 தாங்குறது 25. சிவக்காம என்ன செய்யும்? ஹம்மும் இதனாலதான். ரெண்டு பக்கமும் சமமா ஓடினால்தான் அவுட்புட் டிரான்ஸ்பார்மரில் ஹம் ஒண்ணையொண்ணு அடிச்சுக்கும்.

நல்லா ஆறின பிறகு, வலது சேனலின் ரெண்டு வால்வையும் இடம் மாத்துங்க. கண்ணாடியைப் பிடிக்காம அடிக்கட்டையைப் பிடிச்சு நேரா இழுங்க. நடுவில் இருக்கிற சாவி உடைஞ்சிருந்தா அந்த வால்வைத் திரும்பப் போடாதீங்க, பின் மாறி உட்கார்ந்திடும். ஸ்பீக்கர் மாட்டியே இருக்கட்டும். சிவப்பு வால்வோட நகர்ந்தா வால்வு பழுது. அதே சாக்கெட்டில் நின்னா கோளாறு ஆம்ப்புக்குள்ள.

கேடி88 வேண்டாம். ஹீட்டருக்கு 1.6 ஆம்பியர் கேட்கும், இஎல்34-க்கு 1.5, நாலுக்கும் சேர்த்து 0.4 கூடுதல். இந்த ஆம்ப்போட பவர் டிரான்ஸ்பார்மர் ஏற்கெனவே கொதிக்கிற ஜாதி.

கேட்டவர்

மாத்திப் பார்த்தேன். அதே ஓரத்து சாக்கெட்டில்தான் சிவக்குது.

பதில் 2

அப்படின்னா பெரும்பாலும் கப்ளிங் கெப்பாசிட்டர் (டிரைவர் வால்விலிருந்து சிக்னலை மட்டும் விட்டு, டிசி வோல்ட்டைத் தடுக்கிறது) கசியுது. இப்படி அளங்க:

வலது சேனல் வால்வு ரெண்டை மட்டும் எடுங்க. நாலையும் எடுத்தா லோடு இல்லாம ஹெச்.டி. (பிளேட்டுக்குப் போற உயர் வோல்ட்டேஜ்) 500 வோல்ட்டைத் தொடும். ஃபில்டர் கெப்பாசிட்டர் தாங்குறது 525 தான். டிரைவர் வால்வு 7199 இருக்கட்டும். மீட்டரின் கறுப்புக் கிளிப்பைச் சேஸிஸில் மாட்டிட்டு, ஒரு கையைப் பின்னால் கட்டிக்கிட்டு, மறுகையால் ரெண்டு சாக்கெட்டிலும் பின் 5-ஐ (கிரிட், பயாஸ் மைனஸ் வோல்ட் வர்ற இடம்) தொடுங்க. ரெண்டும் மைனஸில், ஏறக்குறைய ஒரே அளவா வரணும்.

ஒண்ணு மட்டும் குறைவா வந்தா கெப்பாசிட்டர். கிரிட் ரெசிஸ்டர் 270 கிலோ ஓம். அதில் வெறும் 50 மைக்ரோ ஆம்பியர் கசிஞ்சாலே 13.5 வோல்ட் பயாஸ் போயிடும். ரெண்டும் குறைவா இருந்தா பயாஸ் மைனஸை உண்டாக்குற செலீனியம் ரெக்டிஃபையரைச் சந்தேகப்படுங்க. ரெண்டும் சரியா இருந்தும் சிவந்தா, பின் 5-இன் பிடி தளர்ந்திருக்கு.

கேட்டவர்

உள் சாக்கெட் மைனஸ் 36.2. ஓரத்து சாக்கெட் மைனஸ் 21.8.

பதில் 2

கெப்பாசிட்டரேதான். ஆஃப் பண்ணி, பிளக்கைப் பிடுங்கி, ஃபில்டரை 10 கிலோ ஓம் 5 வாட் ரெசிஸ்டரால் அரை நிமிஷம் கிரவுண்ட் பண்ணுங்க. மீட்டர் வெச்சு பூஜ்யத்துக்கு வந்ததான்னு பார்த்த பிறகே கை வைங்க. 0.1 மைக்ரோ ஃபாரட், 600 வோல்ட் ஃபிலிம் வகை போதும். ஒண்ணு போனா மத்த மூணும் அதே வயசுதான், நாலையும் மாத்துங்க. செலீனியத்தையும் எடுத்துட்டு 1என்4007 டையோடு போடுங்க, கோடு பழையது இருந்த திசையிலேயே. மைனஸ் கொஞ்சம் கூடும், அது நல்லதுக்குத்தான்.

பதில் 1

கை வைக்கும்போதே இதையும் முடிச்சிடுங்க. 15.6 ஓமைக் கழட்டி, கேத்தோடு ரெண்டையும் பிரிச்சு, ஒவ்வொரு பின் 8-இலிருந்தும் (அதுதான் கேத்தோடு) கிரவுண்டுக்குத் தனியா 10 ஓம், 1 சதவீதம், 1 வாட் ரெசிஸ்டர். பின் 1 அதனதன் பின் 8-ஓடவே இருக்கட்டும். இனி 10 மில்லி வோல்ட்னா 1 மில்லி ஆம்பியர். 50-க்குப் போகாதீங்க, ஒரு வால்வுக்கு 40, அதாவது 0.40 வோல்ட் போதும், 17 வாட்டில் நிதானமா ஓடும். ஆன் பண்றதுக்கு முன்னாடி பயாஸ் திருகியை மைனஸ் அதிகமா வர்ற பக்கம் முழுசா திருப்பிடுங்க. அரை மணி நேரம் கழிச்சு ஒருமுறை, ஒரு வாரம் கழிச்சு ஒருமுறை பாருங்க. சேனலுக்கு ஒரே திருகிதான், அதனால் வித்தியாசம் 5 மில்லி ஆம்பியருக்கு மேல் போனா திருகிப் பயனில்லை; ஜோடியை மாத்தணும்.

கேட்டவர்

எல்லாம் மாத்தியாச்சு. வலது 0.41, 0.39. இடது 0.40, 0.42. ஹம் போயிடுச்சு. சிவந்த வால்வை வெச்சுக்கலாமா?

பதில் 1

ஒரு மணி நேரம் ஓட்டியும் அந்த எண் ஏறிக்கிட்டே போகலைன்னா வெச்சுக்கலாம். நிக்காம ஏறினா உள்ளே வாயு விட்டிருக்கு, எடுத்துடுங்க.