சாயங்காலம் ஆனா கொலுசு இறுக்குது, வயிறும் உப்புது. சாப்பாட்டுல என்ன மாத்தலாம்?

மாடிப்படி மல்லி

வணக்கம். வயசு 41. தி.நகர்ல ஒரு துணிக்கடையில பட்டு செக்‌ஷன்ல நிக்கிறேன். வீடு வியாசர்பாடி. காலையில எட்டரைக்குக் கிளம்பினா ராத்திரி பத்து மணிக்குதான் திரும்புவேன்.

காலையில கொலுசு கணுக்கால்ல தாராளமா சுத்தி வரும். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல அதே கொலுசு தோல்ல பதிஞ்சிடும். செருப்பு வார் தடம் வீட்டுக்கு வந்தும் மறையாது. பீரியட்ஸுக்கு நாலஞ்சு நாள் முன்னாடி மோதிரம்கூட கழட்ட வராது.

இது போக வயிறு. மதியம் சாப்பிட்டு ஒரு மணி நேரத்துல பாவாடை நாடாவைத் தளர்த்தினாத்தான் மூச்சு விட முடியுது.

காலையில கடை மாவு இட்லி நாலு, பொடி. மதியம் சாம்பார் சாதமோ புளி சாதமோ, அப்பளம், ஊறுகாய். சாயங்காலம் டீயோட ரெண்டு பஜ்ஜி. ராத்திரி தயிர்சாதம், மோர் மிளகாய். வாரத்துல ரெண்டு நாள் கருவாட்டுக் குழம்பு. தண்ணி ரொம்பக் கம்மி. பாத்ரூம் நாலாவது மாடியில, ஒவ்வொரு தடவையும் சொல்லிட்டுத்தான் போகணும், அதனால மதியம் வரைக்கும் குடிக்கிறதே இல்ல.

பிபி, சுகர், தைராய்டு பார்த்தாச்சு, எல்லாம் நார்மல். பக்கத்து வீட்டுல நீர் போற மாத்திரை ஒண்ணு கொடுத்து "போட்டுப் பாரு"ன்னாங்க. பயமா இருக்கு, இன்னும் போடல.

---

பல்லாவரம் பாட்டி

பார்லி வறுத்துப் பொடிச்சுக் கஞ்சி வைம்மா. என் ரெண்டு பொண்ணுங்களுக்கும் மாசமா இருக்கும்போது கால் வீக்கத்துக்கு அதைத்தான் கொடுத்தேன். வாழைத்தண்டு, முள்ளங்கி, சுரைக்காய் அடிக்கடி சேர்த்துக்கோ. கஞ்சியில உப்பு போடாதே.

---

அடுப்படி அக்கா

மல்லி, நான் பெரம்பூர். வீட்டுலயே சமைச்சு பதினெட்டு பேருக்கு மதியச் சாப்பாடு டப்பா கட்டித் தர்றேன், பன்னிரண்டு வருஷமா. மூணு வருஷம் முன்னாடி எனக்கும் இதே கதை. அடுப்பு முன்னாடி நின்னு நின்னு கால் மெத்தை மாதிரி ஆயிடும். என்னென்னவோ கஷாயம் குடிச்சேன். உருப்படியா மாறினது ஒரே ஒரு வேலைக்கு அப்புறம்தான்: உப்பு பாக்கெட் பிரிக்கிற அன்னைக்கு அது மேல தேதி எழுதினேன்.

கணக்கு இதுதான். பெரியவங்க ஒருத்தருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் கீழதான் உப்புன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. ஒரு சின்ன டீஸ்பூன் மட்டம். எங்க வீட்டுல நாலு பேர், ஒரு நாளைக்கு 20 கிராம். அப்போ ஒரு கிலோ பாக்கெட் 50 நாள் வரணும். எனக்கு எத்தனை நாள் வந்துச்சு தெரியுமா? 26. டப்பா சமையலுக்கு உப்பு தனி, இது வீட்டுக்கு மட்டும். (மீன் கழுவ, காலிஃப்ளவர் ஊறப்போட எடுக்கிற உப்பை வேற டப்பாவுல வைங்க, இல்லன்னா கணக்கு தப்பும்.) அந்த 26 நாள்லயும் அப்பளம், ஊறுகாய், கடையில வாங்குற பஜ்ஜி எதுவும் சேரல. அன்னைக்கு எனக்கு நெஞ்சு திக்குனு ஆச்சு. பசங்களுக்கும் சேர்த்துல்ல இதைப் போட்டிருக்கேன்!

உப்பு கூடினா அதைக் கரைச்சு வெச்சுக்க உடம்பு தண்ணியைப் பிடிச்சு வெச்சுக்கும். நாள் முழுக்க நின்னா அந்தத் தண்ணி காலுக்கு இறங்கும். தண்ணி குடிக்காம இருந்தா வீக்கம் வத்தும்னு நினைக்காதீங்க. அது நடக்காது, மலச்சிக்கல் வந்து வயிறு இன்னும் உப்பும், நீர்க்கடுப்பும் வரும்.

உங்க லிஸ்ட்ல எனக்குக் கண்ணுல பட்டது: கடை மாவுல உப்பு போட்டே வரும், அது மேல பொடி, அதுலயும் உப்பு. அப்பளத்துல உப்போட அப்பளக்காரமும் இருக்கு, அந்தக் காரமும் சோடியம்தான். பஜ்ஜி மாவுல சோடா உப்பு. மோர் மிளகாய், கருவாடு ரெண்டும் உப்புலயே ஊறினது. நீங்க குழம்புல உப்பைக் குறைச்சாலும் இது எல்லாம் அப்படியே உள்ள போகும். அதனால முதல்ல பக்கத்துல வைக்கிறதைக் குறைங்க. ஒரு வேளைக்கு உப்புல ஊறினது ஒண்ணே ஒண்ணு. ஊறுகாய் இருந்தா அப்பளம் வேண்டாம். மோர் மிளகாய் இருந்தா தயிர்சாதத்துல உப்பே போடாதீங்க, கடிச்சுக்கும்போது சரியா இருக்கும். கருவாட்டை வெந்நீர்ல ஊறவெச்சு ரெண்டு தடவை தண்ணியை மாத்திக் கொட்டுங்க.

பொரியல்ல உப்பைக் கடைசியா தூவுங்க, கம்மியா போட்டாலும் நாக்குல தெரியும். எலுமிச்சை, மிளகு, சீரகம் தூக்கலா இருந்தா யாரும் கேட்க மாட்டாங்க. டப்பா சாப்பிடுறவங்களுக்கு வாரத்துக்குக் கொஞ்சமா குறைச்சேன், ஒரு மாசத்துல யாருமே வாய் திறக்கல. பாக்கெட் சாமான்ல சோடியம்னு மில்லி கிராம் போட்டிருப்பாங்க, அதை 2.5ஆல பெருக்கினா உப்புக் கணக்கு வந்துடும்.

இந்துப்புக்கு மாறினா போதும்னு சொல்லுவாங்க. நானும் ஒரு வருஷம் கூட காசு கொடுத்து வாங்கினேன். அதுவும் பெரும்பாலும் சோடியம் குளோரைடுதான், கால் ஒரு நூல்கூட வத்தல.

வயிறு வேற விஷயம், ரெண்டையும் ஒண்ணா போட்டுக் குழப்பாதீங்க. பருப்பு, சுண்டல், மொச்சையில இருக்கிற ஒரு வகைச் சர்க்கரை சிறுகுடல்ல செரிக்காது, பெருங்குடலுக்குப் போய் அங்க கிருமி அதைத் தின்னு காத்தா மாத்தும். சுண்டலை ராத்திரி முழுக்க ஊறவெச்சு அந்தத் தண்ணியைக் கொட்டிட்டு வேற தண்ணியில வேக வைங்க. துவரம்பருப்பையும் ஒரு மணி நேரம் ஊறவெச்சுக் கொட்டலாம். பஜ்ஜியிலயும் கடலை மாவுதான், எண்ணெய் வேற. வயிறு உப்பினா பன்னீர் சோடா குடிக்கிறது நம்ம ஊர்ப் பழக்கம், ஏப்பம் வரும், ஆனா காத்து கூடத்தான் செய்யும். பால் ஒத்துக்கலையான்னு பத்து நாள் பால் டீயை நிறுத்திப் பாருங்க. ஒரு நேரத்துல ஒண்ணை மட்டும் மாத்துங்க, அப்பத்தான் எதுன்னு பிடிபடும். மதியம் எவ்வளவு நேரத்துல சாப்பிடுறீங்க? சொல்லல நீங்க.

---

இரவு டூட்டி

ஸ்டாஃப் நர்ஸ் நான். அந்த மாத்திரையைத் திருப்பிக் கொடுத்துடுங்க அக்கா. டாக்டர் சொல்லாம போட்டா சோடியம், பொட்டாசியம் இறங்கி மயக்கம் வரைக்கும் போகும்.

கட்டை விரலால கணுக்கால் எலும்பு மேல சில நொடி அழுத்தி எடுங்க. குழி அப்படியே நின்னா டாக்டர்கிட்ட காட்டுங்க, யூரின்ல புரோட்டீனும், ரத்தத்துல கிரியேட்டினினும் (கிட்னி சரியா வேலை செய்யுதான்னு காட்டுற டெஸ்ட்) பார்க்கச் சொல்லிக் கேளுங்க. ஒரு கால் மட்டும் வீங்கி வலிச்சாலோ, படுத்தா மூச்சு வாங்கினாலோ அன்னைக்கே போகணும். இதைப் படிக்கிற மத்தவங்களுக்கும் ஒண்ணு: அம்லோடிபின் மாதிரி பிபி மாத்திரையாலயும் கணுக்கால் வீங்கும். நீங்களா நிறுத்தாதீங்க, டாக்டர்கிட்ட சொன்னா வேற மாத்திக் கொடுப்பாங்க.

கீரை, வாழைப்பழம், இளநீர் நல்லது, அதுல இருக்கிற பொட்டாசியம் சோடியத்தை வெளியேத்த உதவும். கிட்னி கோளாறு இருக்கிறவங்களுக்கு மட்டும் அதுவே ஆபத்து.

---

பழைய கவுண்ட்டர்

நானும் கடையில நின்னவதான். தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டத்துல 2021லயே திருத்தம் வந்துடுச்சு, வேலை செய்றவங்களுக்கு உட்கார இருக்கை கொடுக்கணும். நாலு பேரா சேர்ந்து கேளுங்க. கஸ்டமர் இல்லாத நேரத்துல குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்குங்க, கெண்டைக்கால் தசை ரத்தத்தை மேல தள்ளும்.

---

மாடிப்படி மல்லி

அஞ்சு வாரம் ஆச்சு. மாத்திரையைத் திருப்பிக் கொடுத்துட்டேன். அழுத்தினா குழி லேசா நின்னுச்சு, அதனால டெஸ்ட் எடுத்தேன், யூரின், கிரியேட்டினின் ரெண்டும் சரியா இருக்கு.

மதியம் சாப்பாட்டுக்கு எனக்கு இருபது நிமிஷம் அக்கா, அதுல படி ஏறி இறங்குற நேரமும் போயிடும். அள்ளி அள்ளி முழுங்கிட்டு இருந்திருக்கேன். இப்ப சாதத்தைப் பாதியா குறைச்சு, மீதிக்கு வெள்ளரிக்காயும் வாழைத்தண்டுப் பொரியலும். பால் டீ நிறுத்தினதுல எந்த மாத்தமும் இல்ல, திரும்பக் குடிக்கிறேன். பஜ்ஜியை விட்ட வாரம்தான் வயிறு லேசாச்சு. பதினோரு மணிக்கு ஒரு சொம்பு தண்ணி குடிச்சிட்டு, யார் என்ன நினைச்சாலும் சொல்லிட்டு மாடிக்குப் போயிட்டு வர்றேன்.

உப்பு பாக்கெட்ல தேதி எழுதியிருக்கேன். மூணு பேர், 35 நாள் தாண்டி இன்னும் பாதிக்குக் கிட்ட இருக்கு. கொலுசு சாயங்காலம் இப்பவும் கொஞ்சம் பிடிக்குது, ஆனா தடம் பதியல. பீரியட்ஸ் முன்னாடி மட்டும் பழைய மாதிரிதான்.

கருவாடு மாசத்துக்கு ரெண்டு தடவைன்னு ஆயிடுச்சு. மோர் மிளகாய்தான் விட முடியல. வீட்டுல போடும்போதே உப்பைக் குறைச்சுப் போடலாமா?

---

அடுப்படி அக்கா

ரொம்பக் குறைச்சா காயறதுக்குள்ள பூசணம் பிடிச்சிடும் மல்லி, நம்ம ஊரு காத்துல ஈரம் ஜாஸ்தி. வழக்கம் போலவே போடுங்க, சின்ன மிளகாயா பார்த்து வாங்குங்க. தட்டுல ஒண்ணு வெச்சுட்டு டப்பாவை மூடி மேல் தட்டுல வெச்சிடுங்க. பீரியட்ஸுக்கு முந்தின அந்த வாரம் அதுவும் வேண்டாம், மாதுளை போட்ட தயிர்சாதம் செஞ்சு பாருங்க.