1913 நேட்டாலில் ஒரு கல்யாணத் தரகர்: சிரிப்பை எங்கிருந்து எடுப்பது?

சாட்ஸ்வர்த் வாசகி:
வணக்கம். 1913ஆம் ஆண்டு தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில், ஒரு கல்யாணத் தரகரை நடுவில் வைத்து நகைச்சுவைக் காதல் கதை எழுதி வருகிறேன். இதுவரை எழுதிய மூன்று அத்தியாயங்களில் பெண் பார்க்கும் படலமும், சீர்வரிசைப் பேரமும், மாப்பிள்ளை வீட்டாரின் முறுக்கும் தஞ்சாவூர்க் கதை போலவே அமைந்துவிட்டன. கரும்புத் தோட்டம் வெறும் திரைச்சீலையாகத் தொங்குகிறது. ஒப்பந்தக் கூலிகளாக வந்து துன்பப்பட்ட நம் முன்னோரைக் கேலிப்பொருளாக்காமல் அந்த வாழ்விலிருந்தே சிரிப்பை எடுக்க வழி சொல்லுங்கள்.

டொங்காட் தாத்தா:
அம்மா, முதலில் மாப்பிள்ளை வீட்டாரின் முறுக்கை எடுத்துவிடுங்கள். கப்பலில் 100 ஆண்களுக்கு 40 பெண்கள் என்பதே விதியாக இருந்த ஊரில், பெண்ணைப் பெற்றவர் வாசலில்தான் தரகர் காத்துக் கிடந்திருப்பார். சீர்வரிசைக்குப் பதிலாக அவர் மூன்று பவுன் வரியைப் பேசட்டும். மாதம் 10 முதல் 14 ஷில்லிங் வரை கூலி பெற்றவர்கள், ஐந்தாண்டு ஒப்பந்தம் முடிந்து ஊர் திரும்பாமல் சுதந்திரமாக இங்கேயே இருக்க நினைத்தால், ஆண்டுதோறும் தலைக்கு மூன்று பவுன், அதாவது 60 ஷில்லிங், கட்ட வேண்டியிருந்தது. பெண்களுக்கும் அந்த வரி உண்டு என்பதால், தாலி கட்டுமுன் மணமகன் போடும் கணக்கில் சிரிப்பும் கண்ணீரும் சேர்ந்தே இருக்கும். தாய்மாமன் இல்லாத மணமேடையில் அதே கப்பலில் வந்தவர் மாமனாக நிற்பதையும், தரகர் அளந்துவிட்ட குலப்பெருமையைக் கப்பல் பதிவேட்டிலுள்ள தகப்பன் பெயரும் ஊரும் கவிழ்த்துவிடுவதையும் எழுதினால், அது இந்த மண்ணின் கதையாகிவிடும்.

மாரிட்ஸ்பர்க் ஆசிரியை:
தாத்தா சொன்னதோடு சட்டத்தையும் கதைக்குள் கொண்டுவாருங்கள். 1913 மார்ச் 14 அன்று கேப் மாகாண உச்ச நீதிமன்ற நீதிபதி செர்ல், கிறித்தவ முறைப்படி நடந்து பதிவு பெற்ற திருமணங்கள் மட்டுமே செல்லும் என்று தீர்ப்பளித்தார். அடுத்த வெள்ளிக்கிழமை பெரிய வெள்ளி. அன்று இஸிப்பிங்கோ மாரியம்மன் கோயில் திருவிழாவுக்குக் கூடும் கூட்டத்துக்குள் அந்தச் செய்தி பரவினால், அதுவரை முடித்துவைத்த கல்யாணங்களுக்கெல்லாம் தரகர் ஒரே நாளில் பதில் சொல்ல வேண்டிவரும்! பேரப்பிள்ளை எடுத்த ஆயா ஒருத்தி, "தாலிக்கு மதிப்பில்லையென்றால் என்னை மறுபடியும் முறையாகப் பெண் கேட்டு வரட்டும்" என்று கணவரை வாசலில் நிறுத்தலாம். ஏற்கெனவே சேர்ந்து வாழும் தம்பதியர் திருமணத்தைப் பதிவு செய்துகொள்ள 1914ஆம் ஆண்டு நிவாரணச் சட்டம் வழி செய்ததால், கதையின் கல்யாணக் காட்சியும் அங்கேயே கிடைத்துவிடுகிறது. ஆனால் இடையில் அந்தத் தீர்ப்பையும் வரியையும் எதிர்த்துப் போராடிப் பெண்கள் சிறை சென்றார்கள். 16 வயது வள்ளியம்மை சிறையில் நோயுற்று, விடுதலையான சில நாட்களில், 1914 பிப்ரவரி 22 அன்று உயிர்விட்டாள். அந்தப் பக்கங்களில் தரகர் வாய் திறக்கவே வேண்டாம்.

சாட்ஸ்வர்த் வாசகி:
இருவருக்கும் நன்றி. மூன்று அத்தியாயங்களையும் ஒதுக்கிவிட்டு, அந்த ஆயா கதவைச் சாத்தும் காட்சியிலிருந்து தொடங்குகிறேன். கணவருக்காகப் பெண் கேட்டுப் போகிறவர், முப்பது ஆண்டுகளுக்கு முன் அவரோடு ஒரே கப்பலில் வந்த நண்பர்.