வீட்டுக் காணொளிகளை நெடுங்காலம் வைத்திருக்க எந்த வெற்று வட்டை நம்பி வாங்கலாம்?

முத்துநகர் வாசி:

அனைவருக்கும் வணக்கம். 1998-இல் நடந்த எங்கள் திருமணத்தை வீடியோக்காரர் இரண்டு விஎச்எஸ் கேசட்டுகளில் பதிந்து கொடுத்தார். 2006-இல் அவற்றைக் கடைத்தெருவில் ஒரு கடையில் கொடுத்து நான்கு டிவிடிகளாக மாற்றி வாங்கினேன். போன மாதம் மகள் பார்க்க ஆசைப்பட்டதால் எடுத்துப் போட்டபோது, இரண்டு வட்டுகள் நன்றாக ஓடின, ஒன்று ஏற்கவே இல்லை. முதல் வட்டு மாப்பிள்ளை அழைப்பிலிருந்து அழகாக ஓடிவந்து, நாதசுரம் கெட்டிமேளத்துக்கு மாறும் அந்த நொடியில் நின்றுவிட்டது. எத்தனை முறை போட்டாலும் அதே இடத்தில்தான் நிற்கிறது. வட்டில் ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் வெளி விளிம்பு மட்டும் சற்று வெளிறித் தெரிகிறது.

இவை தவிர, 2004 முதல் 2009 வரை நானே ஹேண்டிகேமில் எடுத்த 22 மினிடிவி கேசட்டுகள் (சிறிய இலக்க வீடியோ நாடாக்கள்) இருக்கின்றன. காதுகுத்து, பள்ளி ஆண்டு விழா, இப்போது இல்லாத என் தந்தையாரின் குரல் எல்லாம் அவற்றில்தான் உள்ளன. மாதச் சந்தா கட்டும் இணையச் சேமிப்பை எனக்குப் பிறகு யார் தொடர்வார்கள் என்ற ஐயம் இருப்பதால், கையில் பிடித்து எடுத்து வைக்கும் வட்டுகளையே விரும்புகிறேன். டிவிடி-ஆர், டிவிடி+ஆர், தங்கப் படலம் பூசியது, ஆயிரம் ஆண்டு நிற்கும் என்று விளம்பரம் செய்யப்படுவது என்று பலவற்றைச் சொல்கிறார்கள். தூத்துக்குடியில் கடலுக்கு நடந்தே போகும் தொலைவில் இருக்கும் வீட்டுக்கு எதை வாங்குவது?

பழைய ஸ்டுடியோக்காரர்:

வணக்கம் ஐயா. மதுரையில் பதினைந்து ஆண்டுகள் கல்யாண வீடியோ எடிட்டிங் செய்தவன் என்பதால், உங்கள் வட்டு ஏன் கெட்டிமேளத்தில் நிற்கிறது என்பதை ஓரளவு ஊகிக்க முடிகிறது. டிவிடியில் பதிவு உள்ளிருந்து வெளியே செல்லும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு வட்டு என்று நாங்கள் பிரிக்கும்போது முகூர்த்தம் பெரும்பாலும் முதல் வட்டின் கடைசியில், அதாவது வெளி விளிம்பில் போய் விழும். தகவல் பதியும் சாயம் ஒரே சீராகப் படியாத இடமும், ஈரம் முதலில் நுழையும் இடமும், வட்டு சற்றே வளைந்தாலும் லேசர் தடுமாறும் இடமும் அந்த விளிம்புதான். போதாததற்கு 16 மடங்கு வேகம் என்று போட்டுப் பதிந்தால், அந்த உச்ச வேகம் எட்டப்படுவதும் விளிம்பில்தான். முகூர்த்த நாள் நெருக்கடியில் நாங்கள் யாருமே வேகத்தைக் குறைத்ததில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

வாங்கும் விஷயத்துக்கு வருகிறேன். பெட்டியில் அச்சிட்ட பெயர் வேறு, வட்டைச் செய்தவர் வேறு. ஒவ்வொரு வெற்று வட்டிலும் செய்தவரின் குறியீடு முன்கூட்டியே பதிந்திருக்கும். இம்ஜ்பர்ன் போன்ற இலவச மென்பொருளில் வட்டைப் போட்டால் வலப்பக்கத்தில் அது தெரியும். எங்கள் காலத்தில் ஜப்பானின் தாயோ யூடென் செய்த டிஒய்ஜி03 குறியீட்டு வட்டுக்கும், மிட்சுபிஷி கெமிக்கலின் அசோ சாயம் கொண்ட எம்சிசி 03ஆர்ஜி20 குறியீட்டுக்கும் தனி மதிப்பு இருந்தது. தாயோ யூடென் 2015 முடிவில் இந்தத் தொழிலையே விட்டுவிட்டது. வெர்பாட்டிம் என்ற பெயரை 2019-இல் தைவானின் சிஎம்சி நிறுவனம் வாங்கிக்கொண்டது. நம் ஊர்க் கடைகளில் குவிந்து கிடந்த மோசர் பேயர் வட்டுகளைச் செய்த நொய்டா நிறுவனமும் 2018-இல் கலைப்புக்குப் போனது. ஆகவே பத்தாண்டுக்கு முன் யாரோ எழுதிய பரிந்துரைப் பட்டியலை வைத்துக்கொண்டு இன்று கடைக்குப் போனால், பெயர் மட்டுமே பழையதாக இருக்கும்.

டிவிடிதான் வேண்டுமென்றால், -ஆர், +ஆர் இரண்டில் எதுவானாலும் பெரிய வேறுபாடில்லை. அழித்து எழுதும் ஆர்டபிள்யூ வகையையும், இரட்டை அடுக்கு டிவிடியையும் தவிருங்கள். முதலில் ஐந்து வட்டு கொண்ட சிறு பொதி வாங்கி, குறியீட்டையும் பதிவின் தரத்தையும் பார்த்துவிட்டுப் பிறகு ஐம்பது வாங்குங்கள்.

ஆய்வகத்து ஆள்:

முந்தையவர் சொன்னதோடு உடன்படுகிறேன். ஆனால் டிவிடியையே தேர்ந்தெடுக்க வேண்டுமா என்பதில் எனக்கு வேறு கருத்து உண்டு. டிவிடியில் தகவலைத் தாங்குவது கரிமச் சாயம். ஒளியும் வெப்பமும் ஈரமும் அதை மெல்ல மெல்ல மாற்றிக்கொண்டே இருக்கும். பிடி-ஆர் எனப்படும் ப்ளூ-ரே வெற்று வட்டுகளில் பெரும்பாலானவை சாயம் இல்லாத, உலோகம் அல்லது கனிமச் சேர்மப் படலத்தைப் பயன்படுத்துகின்றன. உங்கள் ஊர்க் காற்றுக்கு அதுவே பொருத்தம். ஒரே எச்சரிக்கை என்னவென்றால், விலை குறைவு என்பதற்காக எல்டிஎச் என்று குறிப்பிட்ட பிடி-ஆர் வட்டை வாங்கிவிடாதீர்கள். அதில் மறுபடியும் கரிமச் சாயம்தான் இருக்கிறது. பதியும் பக்கம் பொன்மஞ்சளாகத் தெரிந்தால் ஐயப்படுங்கள்; கனிமப் படல வட்டு பெரும்பாலும் அடர் சாம்பல் அல்லது பழுப்பாக இருக்கும்.

ஆயிரம் ஆண்டு வட்டு என்பது எம்-டிஸ்க். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தைச் சேர்ந்த மில்லெனியாட்டா என்ற நிறுவனம் கொண்டுவந்தது. 2016-இல் அந்த நிறுவனமே நொடித்துப் போனது. வட்டின் ஆயுள் ஆயிரம், செய்தவரின் ஆயுள் பத்துக்கும் குறைவு என்று எங்கள் அலுவலகத்தில் கேலி பேசுவோம். ஆனாலும் கருத்து தவறில்லை: டிவிடி வடிவ எம்-டிஸ்க் சாயத்துக்குப் பதிலாகக் கல் போன்ற கனிமப் படலத்தில் குழி போடுகிறது. அதற்கு அதிக ஆற்றலுள்ள லேசர் தேவைப்படுவதால், எம்-டிஸ்க் குறியுள்ள ரைட்டரில் (வட்டில் பதியும் கருவியில்) மட்டுமே பதிய முடியும்; படிப்பதற்கு எந்த டிவிடி இயக்கியும் (டிரைவும்) போதும். ப்ளூ-ரே வடிவத்திலோ சாதாரண கனிமப் படல பிடி-ஆருக்கும் இதற்கும் இடைவெளி வெகுவாகக் குறைந்துவிடுகிறது. 2022-இல், எம்-டிஸ்க் என்று வாங்கிய வட்டுகளில் பழைய மில்லெனியாட்டா குறியீட்டுக்குப் பதில் வேறு குறியீடு இருப்பதைக் கண்டு பலர் முறையிட்டார்கள். அந்தக் கூடுதல் விலையில் இரண்டாவது பிரதி ஒன்று பதிந்துவிடலாம் என்பதே என் கணக்கு.

தங்கப் படலத்தைப் பற்றி: வெள்ளிப் படலம் காற்றிலுள்ள கந்தகத்தால் கறுக்கும், தங்கம் கறுக்காது. அந்த அளவில் அது உண்மையான நன்மை. தாலோசயனின் சாயமும் தங்கப் படலமும் சேர்ந்த சிடி-ஆருக்கு நூறு ஆண்டுக்கு மேல் என்று கனடாவின் பண்பாட்டுப் பொருள் பாதுகாப்பு நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது. ஆனால் 700 எம்பி சிடியில் மினிடிவி கேசட்டின் மூன்றரை நிமிடம்கூட அடங்காது.

இரண்டு பிரதி:

வணக்கம். எந்த வட்டு என்பதற்கு முன்பு, எந்த மூலத்திலிருந்து என்று கேட்க வேண்டியிருக்கிறது. 1998-இன் விஎச்எஸ் கேசட்டுகளைத் தூக்கி எறிந்துவிட்டீர்களா? இருந்தால் அவைதான் உங்கள் மூலம். 2006-இல் கடையில் நெருக்கிச் சுருக்கிய டிவிடி அல்ல. கேசட்டின் சன்னல் வழியே நாடாச் சுருளைப் பாருங்கள். வெண்மையாகப் பொடியோ இழையோ தெரிந்தால் அது பூஞ்சை. விசிஆரில் (கேசட்டை ஓட்டும் கருவியில்) போடவே கூடாது, போட்டால் நாடாவும் கெடும், நாடாவைப் படிக்கும் ஹெட்டின் வழியாக அடுத்த கேசட்டுக்கும் பரவும்.

மினிடிவி கேசட்டுகளை ஃபயர்வயர் என்ற இணைப்புக் கம்பி மூலமே கணினிக்கு மாற்றுங்கள். அப்போது நாடாவில் உள்ள இலக்கத் தகவல் அப்படியே கோப்பாக வந்து சேரும். கேமராவின் யுஎஸ்பி வழியே எடுத்தால் பல மாடல்களில் தரம் குறைந்த படம்தான் வரும். ஒரு மணி நேரக் கேசட்டு ஏறத்தாழ 13 ஜிபி ஆகும். டிவிடி என்றால் கேசட்டுக்கு மூன்று வட்டு, மொத்தம் 66. அதைச் சுருக்கி ஒரே டிவிடியில் அடக்க நினைக்காதீர்கள். பார்ப்பதற்குச் சுருக்கிய பிரதி வேறு, காப்பதற்கான பிரதி வேறு.

25 ஜிபி பிடி-ஆரில் இரண்டு கேசட்டு மயிரிழையில் அடங்காமல் போகும், ஏனெனில் இரண்டும் சேர்ந்து 26-ஐத் தொடும். நான் இதையே நன்மையாக்கிக்கொண்டேன். ஒரு வட்டுக்கு ஒரு கேசட்டு. மீதியுள்ள 12 ஜிபியை டிவிடிசாஸ்டர் என்ற இலவச மென்பொருள் உருவாக்கும் பிழைதிருத்தத் தகவலால் நிரப்பிவிடுகிறேன். பிற்காலத்தில் வட்டின் ஒரு பகுதி படிக்க முடியாமல் போனாலும், மீதியிலிருந்து இழந்ததைக் கணக்கிட்டு மீட்க அது உதவும். 50, 100 ஜிபி வட்டுகள் இடத்தை மிச்சப்படுத்தும். ஆனால் ஒன்று கெட்டால் ஏழு கேசட்டு வரை ஒரேயடியாகப் போகும்.

பதியும் வேகம் மிகக் குறைவாக இருந்தாலும் நல்லதல்ல. வட்டில் குறித்த உச்சத்தில் பாதியளவு என்பது என் பழக்கம். பதிந்ததும் சரிபார்ப்பை முழுமையாக ஓடவிட வேண்டும், அதுவும் முடிந்தால் வேறொரு இயக்கியில். டிவிடியானால், ஆதரிக்கும் ரைட்டரில் பிழை அளவையும் பார்க்கலாம்: அடுத்தடுத்த எட்டுத் தொகுதிகளில் பிஐ பிழை (படிக்கும்போது திருத்த வேண்டிவரும் சிறு பிழைகள்) 280-ஐத் தாண்டக்கூடாது என்பது தரநிலை, புதிதாகப் பதிந்த நல்ல வட்டு அதற்கு வெகு கீழே நிற்கும். முதல் நாளிலேயே 200-ஐத் தொடும் வட்டை நான் காப்பில் வைப்பதில்லை. அந்த எண்ணை வட்டின் உறையில் தேதியுடன் எழுதி வைத்து, ஆண்டுக்கொரு முறை நாலைந்து வட்டுகளை எடுத்து மறுபடி அளப்பேன். எண் ஏறத் தொடங்கினால், வட்டு நிற்பதற்கு முன்பே பிரதி எடுத்துவிடலாம்.

வட்டின் மேல் எழுதுவதற்கு நீர் கலந்த மையுள்ள பேனா, அதுவும் நடுவிலுள்ள வளையத்தில் மட்டும். காகித லேபிள் ஒட்டவே வேண்டாம். துடைப்பதானால் மையத்திலிருந்து நேராக வெளிப்பக்கமாகத் துடையுங்கள். வட்டமாகத் துடைத்து விழும் கீறல் தடத்தின் போக்கிலேயே ஓடி, திருத்த முடியாத நீளத்துக்குத் தகவலைத் தின்றுவிடும்.

பழைய ஸ்டுடியோக்காரர்:

‘இரண்டு பிரதி’ அம்மா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். அமெரிக்கத் தரநிலை நிறுவனம் 2003-இல் வெளியிட்ட கையேடு 4 முதல் 20 பாகை வெப்பமும், 20 முதல் 50 சதவீத ஈரப்பதமும் வைக்கச் சொல்கிறது. தூத்துக்குடியில் அது நடக்காது. நடக்கக்கூடியது இதுதான்: இறுக மூடும் பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு, வட்டுகளைக் கெட்டியான உறைகளில் நிமிர்த்தி வைத்து, வெயில் படும் சுவரை ஒட்டாத பீரோவில் கீழ்த்தட்டில் வையுங்கள். பட்டுப்புடவைக்குப் போட்ட அந்துருண்டை இருக்கும் தட்டில் மட்டும் வேண்டாம். அதன் ஆவி பிளாஸ்டிக்குக்கு ஆகாது.

கணினிப் பழுது பார்ப்பவர்:

எல்லோரும் வட்டையே பேசுகிறீர்கள். படிக்கும் இயக்கியை யாரும் பேசவில்லை. பானசோனிக் 2023 பிப்ரவரியிலும், சோனி 2025 பிப்ரவரியிலும் வெற்று ப்ளூ-ரே வட்டு உற்பத்தியை நிறுத்திவிட்டன. என்னிடம் பழுதுக்கு வரும் மடிக்கணினிகளில் டிவிடி தட்டு உள்ளதைக் காண்பதே அரிதாகிவிட்டது. வட்டு வாங்கும் அன்றே யுஎஸ்பி வழி ப்ளூ-ரே ரைட்டர் ஒன்றும் வாங்கி, வட்டுகளோடு பெட்டியில் வையுங்கள். இரண்டாவது பிரதியை ஹார்ட் டிஸ்க்கில் வைத்து வேறு ஊருக்கு அனுப்புங்கள். வட்டு மட்டும் போதும் என்று என்னால் சொல்ல இயலாது.

நின்றுபோன வட்டைப் பற்றி: வேறு இரண்டு மூன்று ரைட்டர்களில் போட்டுப் பாருங்கள். ஒன்று மறுப்பதை இன்னொன்று ஏற்கும். பழைய மேசைக் கணினியின் ரைட்டர் பல முறை என்னைக் காப்பாற்றியிருக்கிறது. வீடியோவாக ஓடவிடாமல், டிடிரெஸ்க்யூ போன்ற மென்பொருளால் முழு வட்டையும் பிம்பமாக (அப்படியே ஒரே கோப்பாக) எடுங்கள். அது படிக்க முடிந்ததை முதலில் எடுத்துக்கொண்டு, மறுத்த இடங்களுக்குப் பின்னர் திரும்பி வரும்.

முத்துநகர் வாசி:

ஆறு வாரம் கழித்து எழுதுகிறேன், அனைவருக்கும் நன்றி. கேசட்டுகள் பரணில் இருந்தன. இரண்டாவது கேசட்டில் வெண்ணிழை தெரிந்ததால் தொடாமல் தனியே வைத்திருக்கிறேன். முதல் கேசட்டு சுத்தமாக இருந்தது. மைத்துனர் வீட்டு விசிஆரைச் சரிசெய்து ஓட்டியபோது, படத்தின் அடியில் ஒரு கோடு நெளிந்துகொண்டிருந்ததே தவிர, கெட்டிமேளமும் அட்சதை விழுவதும் முழுமையாக வந்தன. டிவிடியில் இந்த இடத்தைக் கடை வெட்டிச் சுருக்கியிருந்தது என்பதும், மேளக்காரரின் பக்கத்தில் என் தந்தையார் நிற்பதும் அப்போதுதான் தெரிந்தன.

25 ஜிபி கனிமப் படல பிடி-ஆர் ஐந்து வாங்கிக் குறியீடு பார்த்தபின் ஐம்பது வாங்கினேன். இதுவரை பதினொரு மினிடிவி கேசட்டுகளை இரண்டிரண்டு பிரதியாகப் பதிந்தாயிற்று. சரிபார்ப்பில் ஒரே ஒரு வட்டு தோற்றது. இரண்டாம் பிரதியும் ஹார்ட் டிஸ்க்கும் கோவையில் மகளிடம் போகின்றன. 2005-ஆம் ஆண்டுக் கேசட்டு ஒன்று மட்டும் படம் கட்டம் கட்டமாக உடைந்து வருகிறது. அது நாடாவின் குறையா, கேமராவின் குறையா?

இரண்டு பிரதி:

மற்ற கேசட்டுகள் அதே கேமராவில் சரியாக ஓடுகின்றனவா என்று முதலில் பாருங்கள். அவையும் இப்போது உடைந்தால் ஹெட்டில் அழுக்கு. மினிடிவிக்கான உலர் துப்புரவுக் கேசட்டைப் பத்து நொடிக்கு மேல் ஓட்டாமல் ஒரு முறை போட்டுப் பாருங்கள். அந்த ஒன்று மட்டும்தான் என்றால், முழு நாடாவையும் முன்னும் பின்னும் ஒரு முறை சுற்றிவிட்டு ஓட்டுங்கள். அதற்கும் சரிவராவிட்டால் அது வேறு கேமராவில் பதிந்ததாக இருக்கலாம். அந்த ஆண்டு யாரிடமாவது இரவல் வாங்கினீர்களா?

முத்துநகர் வாசி:

ஆம், அந்த ஆண்டு விழாவுக்குப் பக்கத்து வீட்டாரின் கேமராவைத்தான் வாங்கிப் போனோம். அது இன்னும் அவர்கள் வீட்டில் இருக்கிறதாம். மின்கலம் மட்டும் இல்லை. சார்ஜர் கம்பியைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.