வி.சி.ஆரில் ஒலி வருகிறது, படம் வரவில்லை: அவசர உதவி தேவை

கேட்டவர்:
வணக்கம். நேற்று இரவு வி.சி.ஆரில் (வீடியோ கேசட் ஓட்டும் கருவியில்) கேசட் பத்து நிமிடம் நன்றாக ஓடியபின் திரை முழுவதும் வெண்புள்ளிகளாகிவிட்டது. பேச்சு மட்டும் தெளிவாகக் கேட்கிறது. அப்பாவின் குரல் பதிவாகியிருக்கும் ஒரே கேசட் அது. என்ன செய்யலாம்?

சுழல்முனை:
எந்த மாடல்? வேறு கேசட் போட்டாலும் இப்படித்தானா? இவ்விரண்டும் தெரியாமல் எதுவும் சொல்ல இயலாது.

மஞ்சள்பின்:
கேபிளாகத்தான் இருக்கும். படத்தை டி.வி.க்குக் கொண்டுசெல்லும் மஞ்சள் பின்னைக் கழற்றி மாட்டிப் பாருங்கள்.

நீலத்திரை:
நாடாவின் தடத்தோடு படிப்பைப் பொருத்தும் டிராக்கிங் பொத்தானை அழுத்திப் பார்த்தீர்களா? எனக்கு எப்போதும் அதில்தான் சரியாகும்.

பழையநாடா:
இதை இங்கே எத்தனையோ முறை விளக்கியாயிற்று. தேடிப் படிக்கும் பொறுமைதான் யாருக்கும் இல்லை. டிராக்கிங் பிசகினால் படத்தின் குறுக்கே இரைச்சல் பட்டை ஓடும், படம் அடியோடு மறையாது. வி.எச்.எஸ். (வழக்கமான வீடியோ கேசட்) நாடாவின் மேல் விளிம்பில் இருக்கும் ஒலித்தடத்தை அசையாத ஹெட் (நாடாவைப் படிக்கும் காந்தமுனை) படிக்கிறது. படத்தையோ, நொடிக்கு 25 முறை சுழலும் 62 மி.மீ. விட்டமுள்ள டிரம் என்னும் உருளையின் ஹெட்டுகள் சாய்வாகப் படிக்கின்றன. ஒலி இருந்து படம் போனால் டிரம் ஹெட்டில் அழுக்கு என்பது அடிப்படைப் பாடம்.

கேட்டவர்:
மன்னிக்கவும், எல்லாக் கேசட்டிலும் இதே நிலைதான். அப்பாவின் கேசட்டில் கண்ணாடி வழியே பார்த்தால், சுற்றிய நாடாவின் மேல் சுண்ணாம்புப் பொடிபோல் வெள்ளையாக ஏதோ தெரிகிறது.

சுழல்முனை:
அது பூஞ்சை. தயவுசெய்து அந்தக் கேசட்டை இனி எந்தக் கருவியிலும் போடாதீர்கள். பொடி ஹெட்டை அடைப்பதோடு நாடாவையும் கீறும். மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, மேல்மூடியைத் திறந்து, வெள்ளைத் தாள் துண்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்து டிரம்மின் மேல் அசையாமல் பிடித்துக்கொண்டு, மறுகையால் டிரம்மை மெதுவாகச் சுழற்றுங்கள். மேலும் கீழுமாகத் தேய்த்தால் ஹெட்டின் முனை ஒடிந்துவிடும். நன்றாக உலர்ந்த பிறகே இயக்க வேண்டும்.

நீலத்திரை:
இவ்வளவு எதற்கு? கிளீனிங் கேசட் ஒன்று போதுமே.

பழையநாடா:
உலர்வகைக் கிளீனிங் கேசட் உரசித்தான் சுத்தம் செய்கிறது. அடிக்கடி போட்டால் ஹெட் தேயும். வி.சி.ஆர். தயாரிப்பே 2016-இல் நின்றுவிட்ட நிலையில் புது ஹெட்டுக்கு எங்கே போவீர்கள்?

நீலத்திரை:
பழக்கமில்லாதவர் கையால் தொட்டு ஒடிப்பதைவிட அது மேல். திரவம் விட்டுப் போடும் ஈரவகையும் இருக்கிறதே.

சுழல்முனை:
ஈரவகையை நானும் மறுக்கவில்லை. ஆனால் பூஞ்சை அப்பியிருக்கும்போது, தாளில் படியும் கறையைக் கண்ணால் பார்த்து நிறுத்துவதே எனக்கு நம்பிக்கை தருகிறது.

கேட்டவர்:
நான்காவது தாளில்தான் கறை நின்றது. வேறொரு கேசட்டைப் போட்டேன், படம் தெளிவாக வருகிறது. அப்பாவின் கேசட்டை உலர்ந்த டப்பாவில் தனியே வைத்துவிட்டேன். பூஞ்சை நீக்கத் தெரிந்தவரிடம் கொடுத்த பிறகே ஓட்டுவேன். மிக்க நன்றி.