மடல் இழை: பழைய மரமேசைப் பூச்சுக்கு ஒரு சொல்

க.: நண்பர்களே, தச்சுப் பயிற்சி நூலின் மொழிபெயர்ப்பை வெள்ளிக்குள் கொடுத்தாக வேண்டும். பழைய மேசைமேல் என்ன பூசியிருக்கிறது என்று கண்டுபிடிக்கும் பாடத்தில் நிற்கிறேன். மரத்துக்குள் ஊறிப்போகும் எண்ணெய் ஒரு வகை. பூச்சுக்குமேல் பூச்சாக மரத்தின்மேல் படிந்து நிற்கும் அவலரக்கு (ஷெல்லாக்), வார்னிஷ், லாக்கர் (lacquer) இன்னொரு வகை. இந்த இரண்டாவதற்கு என்ன சொல்லலாம்?

ந.: 'படிபூச்சு'. படிந்த, படிகின்ற, படியும் பூச்சு. முக்காலமும் அடங்கிய வினைத்தொகை. நடுவில் ஒற்று மிகாது.

செ.: நீங்கள் 'ப்' போடாவிட்டால் மெய்ப்பு பார்ப்பவர் போட்டுவிடுவார். அப்புறம் அது மாடிப்படிக்கு அடிக்கிற பெயிண்ட். 'ஏட்டுப்பூச்சு' என்றால் என்ன குறை? பாலில் ஏடு படிவது யாருக்கும் தெரியும்.

ந.: தச்சனுக்குப் பால் எதற்கு? அரக்கிலிருந்தே தொடங்குவோமே. கலித்தொகையின் பாலைக்கலியில் அரக்கு இல்லம் எரிகிறது, வீமன் உடன்பிறந்தாரைக் காக்கிறான். வடமொழி 'லாக்ஷா'விலிருந்து வந்த சொல் என்பார்கள், நான் ஏற்கமாட்டேன். 'அர்' செம்மை குறிக்கும் வேர். அரத்தம், அரக்கு...

கா.: ஐயா, வீமனை விடுங்கள், வெள்ளி வந்துவிடும். காரைக்குடியில் பழைய பர்மாத் தேக்கு மேசைகளோடுதான் என் பிழைப்பு. பட்டறையில் எல்லாமே 'பாலீஷ்'தான். பெயரைக் கேட்டு எதையும் கண்டுபிடிக்க முடியாது, தொட்டுத்தான் பார்க்க வேண்டும். முதலில் டர்பன்டைனால் மெழுகையும் பிசுக்கையும் துடைப்பேன். அப்புறம் கண்ணில் படாத இடத்தில், காலின் உட்புறமாக, ஸ்பிரிட் நனைத்த பஞ்சை வைப்பேன். பிசுபிசுவென்று இளகினால் அவலரக்கு. அசையாவிட்டால் தின்னர்: கரைந்தால் லாக்கர், கரையாமல் சுருங்கி எழும்பினால் வார்னிஷ். நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர் பரவியது 1920களில்தான். அதற்கு முந்தைய மேசை என்று விற்பவர் சொல்லி, அடிப்பூச்சிலேயே லாக்கர் இருந்தால் ஒன்று மேசை புதிது, இல்லை யாரோ பழையதைச் சுரண்டிவிட்டுப் பூசியிருக்கிறார்கள். வயதான பூச்சு முதலைத்தோல் மாதிரி வெடித்திருக்கும். அதைப் பார்த்து மட்டும் வகை சொல்ல முடியாது.

இன்னொன்று. நீங்கள் தேடும் சொல்லில் கைப்பிசுக்கும் சமையல்புகையும் சேருமா? பூசியது வேறு, படிந்தது வேறு. 'படிபூச்சு' இரண்டையும் குழப்புகிறது.

ந.: பூச்சு என்றாலே ஒருவர் பூசியதுதானே! அழுக்கை யார் பூசுவார்கள்?

செ.: கா. சொல்வது சரி. 'மேற்படலம்' என்று வையுங்கள். அறிவியல் பாடத்தில் படலம் ஏற்கெனவே இருக்கிறது.

ந.: படலம் கம்பனில் காண்டத்தின் உட்பிரிவு. தவிர, கண்ணில் விழுவதும் அதுதான்.

கா.: 'பாலீஷ்' என்றே போட்டால் பையன்களுக்குப் புரியும்.

ந.: அப்படியானால் இந்தக் குழு எதற்கு?

க.: அனைவருக்கும் நன்றி. 'படலப்பூச்சு' என்று எழுதி, முதல்முறை வருமிடத்தில் 'பட்டறை வழக்கில் பாலீஷ்' என்று சேர்த்துவிட்டேன். எண்ணெய்க்கு 'ஊறுபூச்சு'. செ., கா. இருவரும் சரி என்றார்கள். நாளை காலை அனுப்புகிறேன்.

ந.: ஊறுபூச்சு மட்டும் வினைத்தொகையாக இருக்கலாம், படிபூச்சு ஆகாதோ? என் மறுப்பு பதிவில் இருக்கட்டும். 'அர்' பற்றித் தனி மடல் வருகிறது.